வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணி வகுப்பு

இன்றைக்கு பானுப்ரியா அக்காவைச் சந்தித்தேன். சின்னாளப்பட்டிக்காரர். அங்கே ஒரு சேலைக்கடையில் சுங்குடிச் சேலை விற்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு கிளைச்சிறைக்குப் போய், உள்ளே இருப்பவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார். எந்தச் சிறை என்று எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். வாங்கிய டீ ஆடை கட்டிப்போனதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்திலும் பெரும்பங்கு அவர் மேலேயே இருந்தது. அவர் சொன்னதை அப்படியே கதையாகச் சொல்லிவிடுகிறேன்.

பானுப்ரியா வக்கீல் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சில வருடம் முன்பு அவர் தம்பி ஒரு திருவிழா அடிதடியில் மாட்டி உள்ளே போனான். வக்கீல் வைக்க வழியில்லை என்று வீடே அழுதுகொண்டிருந்தது. இலவசமாக ஒரு வக்கீலைக் கேட்டு வாங்கலாம், அது உரிமை என்று யாருமே சொல்லவில்லை. தம்பி வெளியே வந்த பிறகுதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தர் போகிறபோக்கில் சொன்னார். அன்றைக்கு வந்த எரிச்சல்தான் அவரைச் சட்ட உதவித் தன்னார்வலர் பயிற்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பயிற்சி முடிந்து சிறை வகுப்புக்கு அனுமதி கிடைத்தபோது, அங்கிருந்த அதிகாரி கேட்டார்: "எந்தக் கிழமைம்மா உங்களுக்குத் தோது?"

பானுப்ரியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை சார். நல்ல காரியம், வெள்ளிக்கிழமையே ஆரம்பிப்போம்."

அவர் வீட்டில் அப்படித்தான். சீட்டுச் சேர்வதும் வெள்ளிக்கிழமை, புது விளக்குமாறு வாங்குவதும் வெள்ளிக்கிழமை. கடை முதலாளியும் அன்றைக்கு மட்டும் ஊதுபத்தி இரண்டு அதிகமாகக் கொளுத்துவார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மறுபடி அடைப்பதற்கு முன்னால் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை என்று நேரம் குறித்தார்கள். இலவசச் சட்ட உதவிக்கு வரும் வக்கீல் விக்னேஷ்குமாருக்கும் அன்றைக்குத்தான் கோர்ட்டில் வேலை குறைவு. எல்லாம் தானாகக் கூடிவந்தது போல இருந்தது.

முதல் வாரம் சமையல்கட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருபது பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளே எல்லாரையும் 'ஏலே', 'வாடா', 'போடா' என்றுதான் கூப்பிடுவது வழக்கம். பானுப்ரியா, "நீங்க சொல்லுங்கண்ணே, உங்க பேரென்ன?" என்று முன்வரிசையில் இருந்தவரைக் கேட்டார். அவர் தங்கமுத்து, ஆத்தூர்ப் பக்கம் வாய்க்கால் தகராறில் வந்தவர். அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"இல்ல தாயி, 'நீங்க'ங்கிறியே, எனக்குப் பின்னாடி எவனாச்சும் பெரிய மனுசன் வந்து உக்காந்துட்டானோன்னு பாத்தேன்."

கொட்டகையே சிரித்தது. காவலுக்கு நின்ற வார்டர் கருப்புசாமியும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் மட்டும் எல்லாரும் அண்ணன்கள்தான். பானுப்ரியாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏழெட்டுப் பேர் தனியாக இருந்தார்கள். வகுப்புக்கு வரவே இல்லை.

"அவங்கெல்லாம் யாரு சார்?" என்று கருப்புசாமியிடம் கேட்டார்.

"பாய்மாருங்க. அவங்க வரமாட்டாங்கம்மா. இஷ்டமில்ல. நீங்க வந்தவங்களுக்கு நடத்துங்க."

பானுப்ரியா வந்தவர்களுக்கு நடத்தினார். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இவரும் அதோடு விட்டுவிட்டார்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் நடத்திய பாடம்தான் இந்தக் கதைக்கே அச்சு. "போலீஸ்காரங்க விசாரணைய முடிச்சு குற்றப்பத்திரிகையைக் கோர்ட்டுல போடுறதுக்கு ஒரு கெடு இருக்குண்ணே. சின்ன கேஸுன்னா ரெண்டு மாசம், பெரிய கேஸுன்னா மூணு மாசம். அதுக்குள்ள போடலைன்னா ஜாமீன் உங்க உரிமை. முன்னாடி ஜாமீன் தள்ளுபடி ஆகியிருந்தாலும் சரிதான். ஆனா நீங்களா கேக்கணும். நீங்க கேக்கறதுக்குள்ள அவங்க பத்திரிகையைப் போட்டுட்டா அந்த உரிமை போச்சு."

தங்கமுத்து கை தூக்கினார். "கல்யாண வீட்டுச் சாம்பார் கணக்கா? கேட்டாத்தான் ஊத்துவான், கேக்குறதுக்குள்ள வாளி அடுத்த வரிசைக்குப் போயிரும்?"

"அதேதாண்ணே! சத்தமாக் கேக்கணும்."

வாய்தா நாளில் இவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. சிறையிலேயே ஒரு வீடியோ திரை முன்னால் நிறுத்துவார்கள். மறுபக்கம் நீதிபதி. அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியத்தை பானுப்ரியா எல்லாரையும் சொல்லவைத்தார். "அய்யா, கெடு முடிஞ்சிருச்சு, குற்றப்பத்திரிகை வரல, எனக்கு ஜாமீன் வேணும்." இருபது ஆம்பளைகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிக் கோரஸாகக் கத்தினார்கள். தகரம் அதிர்ந்தது. கருப்புசாமி, "ஏலே மெதுவாடா, ஆபீஸர் வந்துரப் போறாரு" என்றார்.

தொட்டிப் பக்கம் இருந்த எட்டுப் பேரும் அந்த நேரத்தில் வரிசையாகத் தொழுதுகொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, அனுமதிக் கடிதத்தைப் புதுப்பித்துக் கொடுக்க பானுப்ரியா சிறைக்குப் போனார். செவ்வாய் அங்கே மனு நாள். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும் என்பதால், பார்க்கப் போவதையே 'மனு பார்ப்பது' என்றுதான் சொல்வார்கள். வரிசையில் பெண்கள்தான் அதிகம். பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு பெண் இவர் பக்கத்தில் வந்து நின்றாள். பேகம்பூர். பெயர் ரிஃபாத். கணவர் முகமது பாரூக், லோடு ஆட்டோ ஓட்டுபவர். யாரோ ஏற்றச் சொன்ன மூட்டையை ஏற்றினார். அதற்குள் மில்லில் திருடிய செம்புக் கம்பி இருந்தது. ஏற்றச் சொன்னவர்கள் தலைமறைவு, வண்டிக்காரர் உள்ளே.

"அக்கா, உள்ள கிளாஸ் எடுக்குறது நீங்கதான?"

"ஆமாம்மா. உங்க வீட்டுக்காரரு இங்கயா இருக்காரு? கிளாஸுல பாத்த ஞாபகம் இல்லையே. அவங்களுக்கெல்லாம் இஷ்டமில்லன்னு சொன்னாங்க."

ரிஃபாத்தின் முகம் மாறிவிட்டது. "இஷ்டமில்லன்னு யாருக்கா சொன்னது? அவுக எங்கிட்ட வாராவாரம் பொலம்புறாக. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல கொண்டாந்து கிளாஸ வச்சா எப்புடிக்கா வருவாக? உள்ள எட்டுப் பேரு சேந்து தொழுகுறதே அந்த ஒரு நாளுதான். எந்த மகராசன் இந்தக் கெழமையக் குறிச்சானோ!"

எந்த மகராசி என்று பானுப்ரியாவுக்குத் தெரியும். பேகம்பூர் வழியாகத்தான் எத்தனையோ வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போயிருக்கிறார். மத்தியானம் தொப்பி போட்ட கூட்டம் ரோட்டைக் கடக்க பஸ் நின்றிருக்கிறது, 'லேட்டாகுதே' என்று கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். தனக்கு நல்ல நாள் என்றால் அது இன்னொருவருக்கும் ஏதோ ஒரு நாளாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"உங்க வீட்டுக்காரரைப் புடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்றார், பேச்சை மாற்றுவது போல.

"கிறிஸ்துமஸுக்கு மொத நாளு. வர்ற ஞாயித்துக்கெழம நோன்பு ஆரம்பிக்குது. நோன்புக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துருவாகன்னு பிள்ளைககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

பானுப்ரியா கணக்குப் போட்டார். இரண்டு மாதக் கெடு இரண்டு மூன்று நாள் முன்பே முடிந்திருந்தது.

"நேத்து வாய்தா இருந்துச்சா? வீடியோவுல நிறுத்துனாங்களா?"

"ஆமா. ஏதாச்சும் சொல்லணுமான்னு ஜட்ஜய்யா கேட்டாராம். இவுக ஒண்ணுமில்லைங்கய்யான்னுட்டாகளாம். என்னத்தச் சொல்லத் தெரியும் அவுகளுக்கு?"

அந்த 'ஒண்ணுமில்லைங்கய்யா'வைச் சொல்லிக்காட்டும்போது பானுப்ரியா அக்கா டீ கிளாஸை பெஞ்சில் வைத்த வேகத்தில் டீ சிந்திவிட்டது. அந்த வாக்கியத்தை இருபது பேர் கோரஸாகக் கத்தியபோது பாரூக் ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தார்.

அங்கேயே நின்று விக்னேஷ்குமாருக்குப் போன் போட்டார். நல்ல மனிதர், கோர்ட்டில் விசாரித்துக் கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "இன்னும் பத்திரிகை போடலை மேடம். இன்னிக்குப் போட்டாலும் ஜாமீன் கெடைக்கும்."

"அப்பப் போடுங்க சார்!"

"அவர் கையெழுத்து இல்லாம நான் எப்படி ஆஜராகுறது? இன்னிக்கு இங்க கேஸு இருக்கு, நாளைக்கும் நாளன்னைக்கும் எனக்கு நத்தம் கோர்ட்டுல சாட்சி விசாரணை. எப்படியும் வெள்ளிக்கிழமை கிளாஸுக்கு வாரேன்ல, அப்ப வாங்கிருவோம். ரெண்டு நாள்ல என்ன ஆகிறப் போகுது?"

ரிஃபாத்துக்கு இனி அடுத்த செவ்வாய்தான் மனு. பானுப்ரியா அதிகாரியிடம் ஓடினார். அஞ்சு நிமிஷம் பாரூக்கைப் பார்க்க விடுங்கள் என்றார்.

"உங்களுக்கு அனுமதி வெள்ளிக்கிழமைக்குத்தாம்மா."

"அப்ப கிளாஸையே நாளைக்கு மாத்துங்க சார். இனிமே வெள்ளி வேணாம். அன்னிக்கு அவங்க தொழுகை."

"நீங்கதானே வெள்ளிக்கிழமை கேட்டீங்க?"

"தெரியாமக் கேட்டுட்டேன் சார்."

"மேலிடத்துல ஒப்புதல் வாங்கி ஓடிக்கிட்டிருக்கு. காலைல வீடியோ வாய்தா, ஒண்ணரைக்கு மேல அடைச்சிருவோம், வக்கீலுக்கும் வெள்ளிதான் தோது. ஒருத்தருக்காக மாத்துனா இன்னொருத்தர் வருவாரு. அவங்களுக்கு வேணும்னா ஒரு வாரம் தொழுகைய விட்டுட்டு வரட்டுமே."

அவர் கத்தவில்லை, அதட்டவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னார். அதுதான் பானுப்ரியாவுக்கு இன்னும் ஆறவில்லை. சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்து கருப்புசாமியைப் பிடித்தார்.

"சார், பாரூக் அண்ணன்கிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. கெடு முடிஞ்சிருச்சு. கோர்ட்டுக்கு ஜாமீன் கேட்டு இன்னிக்கே ஒரு மனு எழுதி ஆபீஸர் வழியாக் குடுக்கச் சொல்லுங்க. மறந்துராதீங்க."

"சொல்லிர்றேன் டீச்சரம்மா, நீங்க போங்க."

கருப்புசாமி சொன்னார். ஆனால் தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னார்: "ஏலே பாரூக்கு, டீச்சரம்மா உன்னைய வெள்ளிக்கெழம கிளாஸுக்குக் கட்டாயம் வரச் சொல்லுச்சு. ஏதோ ஜாமீன் விசயமாம்."

வெள்ளிக்கிழமை வந்தது. பானுப்ரியா கொட்டகைக்குள் நுழைந்தபோது கடைசியில் ஒருவர் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்த ஈரம் கையிலும் தாடியிலும் இன்னும் காயவில்லை. வெள்ளைத் தொப்பியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தொட்டிப் பக்கம் ஏழு பேர் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாரூக் அண்ணனா?"

"ஆமாங்க."

"மனு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"என்ன மனுங்க? இன்னிக்கு வரணும்னு மட்டும்தான் சொன்னாரு."

பானுப்ரியா கருப்புசாமியைத் திரும்பிப் பார்த்தார். கருப்புசாமி அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்.

"நீங்க போய்த் தொழுதுட்டு வாங்கண்ணே. வக்கீல நான் நிறுத்தி வைக்கிறேன்."

"ஒண்ணரைக்கு அடைக்கணும்மா" என்றார் கருப்புசாமி. "அதுக்கு மேல எங்கையில இல்ல."

பாரூக் போகவில்லை. "இருக்கட்டுங்க. பொண்டாட்டி பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்குக. இன்னிக்கு ஒரு நாளு அல்லாஹ் மன்னிப்பான்" என்று சொல்லிவிட்டு, தொட்டிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பானுப்ரியா என்ன பாடம் நடத்தினார் என்று அவருக்கே நினைவில்லை. எப்போதும் வாயடிக்கும் தங்கமுத்து நகர்ந்து பாரூக்குக்கு இடம் கொடுத்தார். விக்னேஷ்குமார் வந்தது ஒன்றேகாலுக்கு. கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் தொழுகை முடிந்து ஏழு பேரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாரூக் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அவர்களோடு வரிசையில் போய் நின்றார்.

சாயங்காலம் போன் வந்தது.

"மேடம், ஒரு சின்ன விசயம்."

"சொல்லுங்க சார்."

"நேத்தே பத்திரிகையைப் போட்டுட்டாங்க. நம்ம மனு நிக்காது. அடுத்து மேல் கோர்ட்டுல சாதாரண ஜாமீன் கேக்கணும். கொஞ்ச நாளாகும்."

பானுப்ரியா அப்போது சேலைக்கடையில் இருந்தார். முதலாளி கொளுத்தி வைத்த ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த அம்மா, "இந்தக் கலர்ல வேற டிசைன் காட்டும்மா" என்று மூன்று தடவை கேட்டார். பானுப்ரியாவுக்குக் காதில் விழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நோன்பு தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை பானுப்ரியா வேண்டுமென்றே மனு வரிசைக்குப் போனார். ரிஃபாத் இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராக வந்து நின்றாள்.

"ரெண்டு மாசமா உள்ள வந்து போறீகளேக்கா. அவுக இருக்குற எடத்துக்கும் நீங்க நடத்துற எடத்துக்கும் எம்புட்டுத் தூரம்? நடந்து போயி, 'ஏண்ணே வரல'ன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டுருக்கணும் ரிஃபாத்."

"எல்லாரையும் 'நீங்க நாங்க'ன்னு மரியாதையாப் பேசுற அக்கான்னு உள்ள சொல்வாகளாம். எங்காளுகள மட்டும் கேக்கவே இல்ல."

நோன்பு வைத்திருந்த ரிஃபாத்தின் உதடு வெயிலில் வெடித்துப்போயிருந்தது. பானுப்ரியா தண்ணீர் பாட்டிலை நீட்டப் போய், சட்டென்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். ரிஃபாத் அதைப் பார்த்தாள். லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வரவில்லை.

"இந்த வாரம் கிளாஸுக்கு வருவாரா?" என்று பானுப்ரியா கேட்டார்.

"வரமாட்டாக. இன்னொரு ஜும்மாவ விட மாட்டேன்னு சொல்லிட்டாக. கிளாஸ வேற நாளைக்கு மாத்துங்க, மொத ஆளா வந்து உக்காருறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக."

பானுப்ரியா மறுபடி அதிகாரியிடம் போனார். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு, வாய்தா முடிந்தபின் முக்கால் மணி நேரம் தரலாம், மேலே பேசிக்கொள்கிறேன், ஆனால் வக்கீல் ஒருவர் நான் வருகிறேன் என்று எழுத்தில் தர வேண்டும், வக்கீல் இல்லாத வகுப்புக்கு அனுமதி இல்லை என்றார். விக்னேஷ்குமாருக்குச் செவ்வாய் முடியாது. பானுப்ரியா கோர்ட் வாசலில் நான்கு நாள் நின்று பார்த்தார். ஒருத்தர் யோசிக்கிறேன் என்றார். ஒருத்தர், "முக்கால் மணி நேரத்துக்கு அம்புட்டுத் தூரமா?" என்றார். இன்னொருத்தர், "எட்டுப் பேருக்காகவா?" என்றார்.

இன்றைக்கு என்னிடம் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. பாரூக்கின் ஜாமீன் மனு மேல் கோர்ட்டில் இரண்டாவது தடவையாகத் தள்ளிப்போயிருக்கிறது. பெருநாளுக்காவது வருவாரா என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். வகுப்பு இன்னும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குத்தான் நடக்கிறது. எட்டுப் பேர் இன்னும் தொட்டிப் பக்கம்தான் இருக்கிறார்கள். அதில் இன்னொருவருக்கு அடுத்த வாரம் கெடு முடிகிறது. இந்தத் தடவை யார் வாயையும் நம்பாமல், ரிஃபாத் அந்தாள் வீட்டுக்கே போய், அவர் அம்மாவை மனு வரிசைக்குக் கூட்டி வந்திருந்தாள். பானுப்ரியா அக்கா அந்த அம்மாவுக்கு மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துதான் என்னோடு உட்கார்ந்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். திண்டுக்கல் கோர்ட்டில் ஜூனியராக இருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அண்ணனோ, அத்தை மகளோ, கூடப் படித்தவரோ, யாராக இருந்தாலும் சரி. இதை அவர்களுக்கு அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் போதும். வருகிறேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் அக்கா அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சின்னாளப்பட்டி கடைவீதியில் சேலைக்கடை பானுப்ரியா என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இருக்க மாட்டார்.